ஒரே தொண்டையில் இரண்டு வில்லன்கள்

"இன்னொரு தரம் போலாம் சார். இந்தத் தடவை கத்தாம."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற குரல் கலைஞர், சரி என்று தலையாட்டினார். ஒலிப்பதிவாளர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். அதை அழுத்திப் பேசினால்தான் இந்த அறையில் பேசுவது அந்த அறைக்குக் கேட்கும்.

ஒரு வீடியோ கேமுக்குக் குரல் பதிவு. அதில் இரண்டு வில்லன்கள், அண்ணனும் தம்பியும். ஒரே கோட்டைக்காக ஒருவரையொருவர் அழிக்கப் பார்ப்பவர்கள். அண்ணன் வாயைத் திறந்தால் சுவர் அதிரும். தம்பி குரலை உயர்த்தவே மாட்டான். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுக்க வேண்டும் என்பது கேம் கம்பெனியின் பிடிவாதம். ரத்த உறவு காதில் விழ வேண்டுமாம்.

அண்ணன் காலையிலேயே முடிந்துவிட்டான். கலைஞர் போட்ட சத்தத்தில் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த கலைஞரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தகராறெல்லாம் தம்பியோடுதான். இன்றைக்குள் அவன் சரியாக வராவிட்டால் இரண்டு வேடமும் வேறு ஆளுக்குப் போய்விடும். இத்தனை வருஷமும் சோப்பு, தேங்காய் எண்ணெய் என்று விளம்பரங்களுக்கே பேசிக் காலம் தள்ளிய கலைஞருக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு இது.

காட்சி சின்னதுதான். கோட்டைச் சமையல்காரி அண்ணனுடைய ஆளோடு பேசுவதைத் தம்பி பார்த்துவிடுகிறான். அவளைக் கூப்பிட்டு விசாரிக்கிறான்.

"யாருடன் பேசினாய்? உண்மையைச் சொல்," என்று கலைஞர் பேப்பரைப் பார்த்துப் படித்தார். கடையில் கத்தரிக்காய் விலை கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த தடவை கொஞ்சம் அழுத்தினார். குரலில் அண்ணன் வந்து நின்றான்.

"கெடைச்சிடும்ல சார்?" என்று கேட்டாள் மனைவி. "கெடைக்கலேன்னா ரொம்ப மனசு கஷ்டப்படுவாரு."

"பாக்கலாம்க்கா. வீட்டுல எப்படி, கோவப்படுவாரா?"

"அவரா? இதுவரைக்கும் ஒரு சத்தம் போட்டதில்ல."

"குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க வீட்டுல நான் போடுற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் எதிர்ப்பாட்டு பாடும்."

அவள் சிரித்தாள். ஒலிப்பதிவாளருக்கு உற்சாகமாகிவிட்டது.

"எங்க ரெக்கார்டிங் போனாலும் உங்களையும் கூட்டிட்டுப் போயிடுவாராமே?"

"தனியா விட்டுட்டு வர அவருக்கு மனசே வராது சார்."

ஒலிப்பதிவாளருக்குச் சுருக்கென்றது. தன் மனைவியைத் தான் கடைசியாக வெளியே கூட்டிப் போனது எப்போது என்றே நினைவு வரவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனைப் பிடித்து வில்லனாக்கப் பார்க்கிறோமே, அந்தக் குரல் இவருக்கு எங்கேயிருந்து வரும் என்று உள்ளுக்குள் அலுத்துக்கொண்டார்.

"ஆமா, இந்த ரெண்டு பேர்ல யாரு சார் பெரிய வில்லன்?" என்றாள் அவள்.

"கம்பெனிக்காரங்க தம்பின்னு சொல்றாங்க. எனக்கு என்னவோ அண்ணன்தான். கோடாலியைத் தூக்கிட்டு என்னமா கத்திக்கிட்டு வர்றான்."

"கத்துறவன் கத்தி முடிச்சிடுவான்ல. அதோட ஆச்சு."

நல்ல ஜோக் என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கலைஞர் தண்ணீர் குடித்துக்கொண்டே இவர்களைப் பார்த்தார்.

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். "சார், ஒண்ணு செய்யலாமா? பேப்பரைக் கீழ வெச்சிடுங்க. எழுதின வசனம் வேண்டாம். சீன் உங்களுக்குத் தெரியும். எதிர்ல அந்தப் பொம்பளை நிக்கிறதா நெனச்சுக்கிட்டு, உங்க வாயில என்ன வருதோ அதைப் பேசுங்க."

கலைஞர் பேப்பரை மடித்து வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மைக்குக்கு மிக அருகில் வந்தார்.

"யாரோட பேசிட்டிருந்தே?"

குரல் ஸ்பீக்கரில் மெல்ல வந்தது. அதில் அன்புகூட இருந்தது. ஒலிப்பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"கோவமெல்லாம் இல்ல. சும்மாதான் கேக்கறேன்." கொஞ்சம் இடைவெளி. ஒரு மூச்சு. "ரொம்பச் சிரிப்பா இருந்துது போல. சொன்னா நானும் சிரிப்பேன்ல?" இன்னும் நீளமான இடைவெளி. "சொல்லும்மா."

இத்தனை வருஷத்தில் இந்த அறையில் இப்படி ஒரு குரலை ஒலிப்பதிவாளர் பதிவு செய்ததில்லை. தம்பி கிடைத்துவிட்டான், இனி அண்ணனெல்லாம் இவனிடம் நிற்க முடியாது. இரண்டு வேடமும் இவருக்குத்தான்.

"அக்கா, சார் கலக்கிட்டாரு. கெடைச்ச மாதிரிதான்," என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகத் திரும்பினார்.

மனைவி சோபாவை விட்டு எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"நான் ஒண்ணும் பேசலைங்க," என்றாள் ஸ்பீக்கரைப் பார்த்து. "இவர்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."