பதினெட்டாவது புத்தகம்

நூலகத்தின் தமிழ் பிரெயில் பிரிவில் எதைக் கழிப்பது என்று சொல்ல, பார்வையில்லாத நாகேஸ்வரனைத்தான் கூப்பிடுவார்கள். அங்குள்ள புத்தகங்களையெல்லாம் முப்பது வருடமாக விரலால் படித்தவர். பழவங்காடியிலிருந்து வந்த பழைய பேப்பர்காரன் வாசலில் காத்திருந்தான்.

"புள்ளியெல்லாம் தேஞ்சுடுத்து. இதையும் கழிச்சுடு." நாகேஸ்வரன் கையிலிருந்த புத்தகத்தைத் தள்ளிவைத்தார்.

உதவியாளர் அனுஷா பட்டியலில் எழுதினாள். "பதினேழு ஆச்சு சாரே. ஒண்ணுகூட மிச்சமில்லையே?"

"நான் என்ன பண்ணட்டும்? எத்தனை பேர் தடவிப் படிச்சது! அடுத்ததைக் குடு." ஆவி பறக்கும் டீ கிளாஸை அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

அனுஷா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு, அன்று காலை தபாலில் வந்த பார்சலைப் பிரித்து, யாரும் தொடாத புதுப் புத்தகத்தை அவர் முன் விரித்தாள்.

விரல் வரிவரியாக நகர்ந்தது.

"இதுவும் போச்சு. கழிச்சுடு."

அவள் அதே பக்கத்தைத் தொட்டாள். புள்ளிகள் ரவை போல் உறுத்தின.

"சாரே, இது இன்னைக்கு வந்த புத்தகம்."

நாகேஸ்வரன் விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"சுகர். ஓணத்துக்கு முன்னாலேயே மரத்துப் போச்சு. யார்கிட்டேயும் சொல்லிடாதே, அனுஷா. தேஞ்சுடுத்துன்னே எழுதிக்கோ."