தங்கராஜு கொண்டு போன பூ

"என் தலையில என்னைக்காவது ஒரு முழம் பூ வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

வடிவம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தங்கராஜு வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினான்.

வடிவம்மாளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? தங்கச்சி பிரசவத்துக்கென்று அவள் கூலி வேலை பார்க்கும் பைராம் தோட்டத்துக்குப் போய் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தவள், திரும்பி வந்து பார்த்தால் புருஷன் ஆளே மாறியிருக்கிறான். கப்பல் துறை ஜெட்டியில் மூட்டை ஏற்றுகிற மாட்டுவண்டிக்காரன். தீபாவளிக்குக்கூடப் பிடித்து இழுத்துத்தான் குளிக்க வைக்க வேண்டும். இப்போது தினமும் காலையில் வண்டி பூட்டுவதற்கு முன்னால் குளிக்கிறான், வெளுத்த வேட்டி கட்டுகிறான், பூ வாங்கிக்கொண்டு போகிறான். எவளுக்கு என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை.

தெருவில் விசாரித்தாலும் சிரிப்புத்தான். குழாயடியில் பெண்கள் இவளைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு நூர்ஜான் மட்டும், "பசாருக்குப் போய் நீங்களே பாருங்க லா அக்கா, நான் சொன்னா நல்லா இருக்காது," என்றாள்.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. எவளோ இளசாக இருப்பாள், சிவப்பாக இருப்பாள். தனக்கோ பிரசவ மருந்து இடித்து இடித்துக் கையெல்லாம் சுக்கு வாசம். வரட்டும், அந்தச் சிறுக்கியை இன்றைக்குச் சும்மா விடுவதில்லை என்று கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, வடிவம்மாள் அவன் பின்னாலேயே நடந்தாள்.

பசாரில் நல்ல கூட்டம். முனையிலிருந்த ஆப்பக் கடை முன்னால் போய் நின்றான் தங்கராஜு. தலையைக் குனிந்து, சரத்தை இரண்டு கையாலும் நீட்டினான், சாமிக்கு நீட்டுகிற மாதிரி. ஆப்பம் சுடுகிறவள் அதை வாங்கிக் கொண்டையில் சூடிக்கொண்டாள்.

அவள் திரும்பியதும் வடிவம்மாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நவமணி. கடல் கடந்து கப்பலில் ஆணாக வந்து இறங்கி, பசாரில் பெண்ணாக வாழ்கிறவள். போகிறவன் வருகிறவன் எல்லாம் சீட்டியடித்து, சேலையை இழுத்துக் கேலி செய்கிற அதே நவமணி.

அழகான ஒருத்தியிடம் தோற்றிருந்தால்கூட நாலு நாள் அழுது மனசு ஆறியிருக்கும். போயும் போயும் இவளிடமா? இத்தனை வருஷம் பொங்கிப் போட்ட தனக்குக் கிடைக்காத பூ, இவளுக்கா? பொறாமை கண்ணை மறைத்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனவள், நவமணியின் கொண்டையிலிருந்து சரத்தைப் பிடுங்கி மண்ணில் எறிந்தாள்.

"பூ வைக்க நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

எப்போதும் இதற்குச் சிரிக்கிற பசார் இன்றைக்குச் சிரிக்கவில்லை. மீன் வெட்டுகிறவன் கத்தியைக் கீழே வைத்தான். தங்கராஜு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

நவமணி அழவில்லை, திட்டவும் இல்லை. ஆப்பம் கருகாமல் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு குனிந்து சரத்தை எடுத்து மண்ணை ஊதினாள்.

"நீ ஊர்ல இல்லாதப்ப, இதே இடத்துல, இதே வார்த்தையைச் சொல்லித்தான் உன் வீட்டுக்காரரும் பிடுங்கினாரு, தங்கச்சி. நியாயம் கிடைக்காம எந்திரிக்க மாட்டேன்னு நான் மாரியம்மன் கோயில் வாசல்ல போய் உக்காந்துட்டேன். ஊர்ப் பெரியவங்க கூடித் தீர்ப்பு சொன்னாங்க. பிடுங்கின கையாலேயே, குளிச்சிட்டு வந்து, ஊரே பாக்க, ஒரு மண்டலம் பூ கொண்டாந்து குடுக்கணும்னு."

வடிவம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"அவருக்கு இன்னையோட முடியுது," என்றாள் நவமணி, பூவை மறுபடியும் கொண்டையில் சூடிக்கொண்டே. "நாளையிலேர்ந்து நீ குளிச்சிட்டு வா."