எஸ்ரா விட்கமின் தகப்பன் பெயர்

அமெரிக்காவிலிருந்து வந்தவள் தன் மகனின் புகைப்படத்தை ஞானஸ்நான ஏட்டின் மேலேயே வைத்துவிட்டாள். பத்து வயது, தலையில் ஒரு மயிர் இல்லை. அவனுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க அவர்கள் சொந்தத்தில் எவருடையதும் பொருந்தவில்லை. தங்கள் மூதாதை எஸ்ரா விட்கமின் பெயர், எங்கள் தேவாலயத்தின் 1836ஆம் ஆண்டு ஏட்டில் இருப்பதைக் கணினியில் கண்டு ஓடி வந்திருந்தாள்.

"இவரும் விட்கம்தான்" என்று, ஏட்டிலுள்ள எஸ்ராவின் வழியில் வந்த எட்வேட்டைக் காட்டினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகனுக்கும் இதே தாடை என்றாள்.

அந்தக் காலத்தில் மிஷன் விடுதிப் பிள்ளையின் சாப்பாட்டுக்கு அங்கிருந்தே பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கும் வைத்தார்கள். அவளுடைய எஸ்ரா கப்பலே ஏறியதில்லை. ஏட்டிலுள்ள எங்கள் எஸ்ராவுக்கு நேரே, தகப்பன் கதிர்காமர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியை மறைத்துக்கொண்டுதான் மகனின் படம் கிடந்தது.

"அவவுக்குச் சொல்லிப்போடுவம், தம்பி."

எட்வேட் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். "பொறுங்கோ ஐயா. முதல்ல ரத்தத்தை எடுத்துப் பாக்கட்டும்."

"பொருந்தாதடா."

"அதை ரத்தம் சொல்லட்டும். நாங்கள் ஏன் சொல்லோணும்?"

மகனுக்குக் காட்ட ஏட்டின் அந்தப் பக்கத்தைப் படம்பிடிக்கலாமா என்று கேட்டாள்.

எட்வேட் சட்டென்று புகைப்படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். "பிள்ளையின்ர படம் அதிலேயே கிடக்கட்டும், எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, ஐயா."

அவள் விரல்கள் படத்தின் ஓரத்தைப் பிடித்துவிட்டிருந்தன.