எங்கேயோ இருக்கும் எட்டுப் பேர்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணில் படாத ஆள் மேல்தான் பாசம் பொங்குகிறது. பக்கத்துப் படகுக்காரன் முழுகினால் எட்டிப் பார்க்க மாட்டான். தன் படகின் முதுகில் மட்டும் பூமி உருண்டைப் படத்தை ஒட்டிக்கொண்டு திரிவான்.

கிழட்டுப் படகுக்காரர் தர்லோ இதை வாய்விட்டே சொன்னார். ஆராய்ச்சிக்காக ஒஹையோவிலிருந்து வந்திருந்த மரிசா சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவில் மேய்ன் கடற்கரையின் கடைசி ஊர் அது. தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அதன் கொட்டகைக்குள் மரிசா நாற்காலி போட்டிருந்தாள். வந்தவர்கள் நாலு பேர், நாலு பேரும் படகுக்காரர்கள்.

ஆளுக்குப் பத்துச் சிவப்பு வில்லைகளைக் கொடுத்து விளக்கினாள். ஒரு வில்லைக்குப் பத்து காலன் டீசல்.

"பையில வச்சுக்கிட்டா அப்படியே உங்களுக்கு, இன்னைக்கே. ஊர்ப் பெட்டியில போட்டா ரெண்டு மடங்காக்கி உங்க நாலு பேருக்கும் சமமாப் பங்கு, அதுவும் இன்னைக்கே. உலகப் பெட்டியில போட்டா மூணு மடங்கு, ஆனா பங்கு பன்னிரண்டு பேருக்கு. மத்த எட்டுப் பேரும் வேற ரெண்டு தேசத்துல இதே மாதிரி உக்காருவாங்க. பங்கு வர ரெண்டு வாரம் ஆகும்."

ரெண்டு வாரம். புயலோ சனிக்கிழமை வருகிறது.

தர்லோவின் எண்பது கூடுகள் கடலடியில் கிடந்தன. சிங்கி இறால் பிடிக்கிற கூடுகள். கயிற்றை அறுத்து, கூடு இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகளை அலையோடு அனுப்பிவிட்டார்கள். பாதாளக் கரண்டி போட்டுத் தேடி எடுக்க நூறு காலன் டீசலாவது வேண்டும். புயல் வந்து புரட்டிவிட்டால் கூடும் இல்லை, இந்த வருஷப் பிடிப்பும் இல்லை.

அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பு எச்சரிக்கை வந்தது. மிதவைக் கம்பில் ஒரு முடிச்சு. இந்த இடத்தை விட்டு நகரு என்று அதற்கு அர்த்தம். நாற்பது வருஷமாகக் கூடு போடும் இடம். அவர் நகரவில்லை.

அந்த முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஊரில் இடதுகைக்காரப் படகோட்டி ஒருவன்தான். அவர் தம்பி மெர்ல்.

போலீசுக்குப் போவதோ, பெயரைச் சொல்வதோ அந்தக் கரையில் வழக்கமில்லை. தர்லோவும் சொல்லவில்லை.

முதலில் திரைக்குப் பின்னால் போனவன் மெர்ல்தான். பழைய கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள், அதுதான் திரை. வெளியே வந்தவன் கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னான்.

"பத்தையும் ஊருக்கே போட்டுட்டேன். ஊரை விட்டா நமக்கு யாரு இருக்கா?"

அடுத்துப் போன இருவரும் அதையே சொன்னார்கள். கடைசியாகத் தர்லோ எழுந்தார்.

"அண்ணே, உன்னைத் தெரியாதா? பத்தும் உன் பைக்குள்ளதான் போகும்."

"வாயில இருக்கிற டோனட்டை முழுங்கிட்டுப் பேசுடா."

மெர்ல் சொன்னது தப்பில்லை. பைக்குள் போடுவதாகத்தான் அவரும் வந்திருந்தார்.

கம்பளிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். ஊர்ப் பெட்டியில் ஒரு வீட்டின் படம், உலகப் பெட்டியில் பூமி உருண்டைப் படம். தர்லோவுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். பையில் போட்டுவிட்டு வெளியே போக வேண்டியதுதான். ஏனோ போகவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் இதே மாதிரி ஏதோ கந்தலுக்குப் பின்னால் நிற்பான். இப்படித்தான் கால் மாற்றிக்கொண்டு நிற்பான். அவனும் யோசிப்பான்: அமெரிக்காவில் எவனோ ஒரு கிழவன், அவன் எங்கே போடப் போகிறான், பைக்குள் அமுக்கிக்கொள்வான்.

தர்லோவுக்குச் சுருக்கென்றது. மூஞ்சியைக்கூடப் பார்க்காமல் ஒருத்தன் தன்னைக் கயிறு அறுக்கிறவனோடு சேர்த்துவிடுவதா?

உருண்டைப் படத்துப் பெட்டிக்குள் பத்தும் சடசடவென்று விழுந்தன.

விழுந்ததுமே நூறு காலன் நினைவுக்கு வந்தது. ஐந்தையாவது திரும்ப எடுத்துவிடலாம் என்று விரலை விட்டுப் பார்த்தார். துவாரம் சின்னது, அவர் விரல் தடிமன். நுழையவில்லை.

வெளியே வந்ததும் மரிசா ஒரு தாளை நீட்டினாள். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அவளே படித்தாள்.

"உலகத்துல எல்லாரும் நம்ம ஆளுங்கதான்னு எவ்வளவு நினைக்கிறீங்க? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க, ஐயா."

"ஒண்ணுக்குக் கீழ ஏதாவது இருக்கா?"

"இல்லையே."

"அப்ப ஒண்ணுன்னு போட்டுக்க."

அவள் திரைக்குப் பின்னால் போய் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்தாள். உலகப் பெட்டியைத் திறந்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பத்து இருக்கு. இது உங்களோடதா? அப்புறம் ஏன் ஒண்ணுன்னு சொன்னீங்க? இதை ஊருக்காவது போட்டிருக்கலாமே, ஐயா?"

"அந்த ஊர்ப் பெட்டியை ஒரு தடவை ஆட்டிப் பாரும்மா."

ஆட்டினாள்.

சத்தமே வரவில்லை.

நாற்காலிகளில் இருந்த இருவரும் சுவரில் தொங்கிய தண்ணீர்க் குழாய்களை ஆராய்ந்தார்கள். மெர்ல் அசையவில்லை. அசைந்தால் பை சத்தம் போடும்.

தர்லோ தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"அந்த எட்டுப் பேரு நெசமாவே இருக்காங்களா, இல்ல நீயா எழுதிக்கிறதா?"

"இருக்காங்க, ஐயா. சத்தியமா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. வாசலில் வைத்திருந்த காலி டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு, வேகம் பிடிக்கத் தொடங்கிவிட்ட காற்றில் படகுத்துறைப் பக்கம் நடந்தார்.