இருபதாவது மீன்

“பார்வதம்! அந்தக் கவர்ல என்ன?”

நரசிம்மன் போட்ட சத்தத்தில், மீன் தொட்டி ஓரம் குனிந்திருந்த பார்வதம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

கவர் துள்ளியது.

நரசிம்மனுக்குப் பின்னால் அவருடைய ஜி.எம். ராஜாராம், மனைவியோடு நின்றிருந்தார். சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மன் கட்டியிருந்த புது வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்திருந்தார்கள். வீட்டைவிட, கொல்லைப்புறத்தில் அவர் போட்டிருந்த அக்வாபோனிக்ஸைக் காட்டத்தான் நரசிம்மனுக்கு அவசரம்.

கொல்லைக்கு வரும்போதே விளக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

“கீழ தொட்டியில மீன். அந்தக் கழிவுத் தண்ணிய மோட்டார் மேல ஏத்தும். மேல பேரலைப் பாதியா அறுத்து ஜல்லி கொட்டி, கீரை வச்சிருக்கேன். கழிவு கீரைக்கு உரம். சுத்தமான தண்ணி திரும்ப மீனுக்கு. இன்டர்நெட்டுல பார்த்து நானே பண்ணினேன் சார். இருபது ஜிலேபி மீன் விட்டுப் பதினெட்டு நாளாச்சு. ஒண்ணுகூடச் சாகலை.”

“அதெப்படி?”

“தண்ணிதான் சார். தண்ணி நம்ம சப்ஜெக்ட் ஆச்சே!”

உண்மைதான். தொழிற்பேட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர் பரிசோதனைப் பிரிவு அவர் பொறுப்பில்தான் இருந்தது.

இப்போது வீட்டு வேலைக்காரி அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“காட்டு.”

தயங்கினாள். நரசிம்மன் கவரைப் பிடுங்கினார். கொஞ்சம் தண்ணீர், உயிரோடு ஒரு ஜிலேபி. அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினார்.

“...பத்தொன்பது, இருபது. பார்த்தீங்களா சார்? இதோட சேர்த்துதான் இருபது.”

ராஜாராமின் மனைவி ‘ச்சு’ கொட்டினாள்.

“நாங்க மீன் சாப்பிடறவங்க இல்ல பார்வதம். வாயைத் தொறந்து கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். திருடணுமா?” என்றார் நரசிம்மன்.

பார்வதம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜாராமைப் பார்த்தாள். பேசாமல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நரசிம்மனின் மனைவி வசுமதியிடம், “வரேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

“இவங்களை நம்பவே கூடாது நரசிம்மன்,” என்றார் ராஜாராம்.

நரசிம்மன் தலையாட்டினார்.

திங்கட்கிழமை பார்வதம் வேலைக்கு வரவில்லை. காலையில் இரண்டு மீன் செத்து மிதந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று.

“வயிறெரிஞ்சு போனாளே, அதானோ?” என்றாள் வசுமதி.

“வயிறெரிச்சலாவது! போற போக்குல எதையாவது கலந்துட்டுப் போயிருப்பா.”

புதன்கிழமை தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, கம்பெனி லேபுக்கு எடுத்துப்போய்த் தன் கையாலேயே சோதித்தார்.

விஷம் எதுவும் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் இருந்தது. எந்த மீனும் பிழைக்க முடியாத அளவுக்கு.

இன்டர்நெட்டில் எடுத்த பிரிண்ட் அவுட்டைத் தேடிப் புரட்டினார். அம்மோனியாவை உரமாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஜல்லியில் வளர ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை அவசரப்பட்டு மீனை நிறைய விட வேண்டாம் என்று இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. தண்ணீரைப் பற்றி எனக்கே பாடமா என்று அவர் படிக்காமல் தள்ளிய பக்கம்.

அப்படியானால் பதினெட்டு நாளும் ஒன்றுகூடச் சாகாமல் எப்படி?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வசுமதி கூப்பிட்டாள்.

“தெரு நாய் வாழை மரத்தடியைத் தோண்டிப் போட்டிருக்கு. வந்து பாருங்களேன்.”

கிளறிய மண்ணில் மீன் முள்ளும் செதிலுமாகக் கிடந்தது. எண்ணினார். பதினாலுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஏரிக்கரையில் இருந்த பார்வதத்தின் வீட்டுக்குப் போனார். அவள் புருஷன் கருப்பன் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வா சார்! இன்னா, மீனு வோணுமா? ஏரில வலை போட்டுட்டு வந்தா, உசுரோட கீறதுல ரெண்டு எடுத்து வையி, சார் வூட்டுத் தொட்டிக்குன்னு பார்வதம் டெய்லி கேக்கும். நாலு நாளா கேக்கவே இல்ல. லீவு வுட்டுட்டீங்களா அதுக்கு?”

திருட்டுப் பட்டம் வாங்கியதைப் புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை.

பார்வதம் வெளியே வந்து, “உக்காருங்க சார்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நரசிம்மன் உட்காரவில்லை.

“ஏன் பார்வதம் இப்படிப் பண்ணினே?”

“ஆபீஸ் வுட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டாம மீனை எண்ணுவீங்க. எண்ணிட்டு சிரிச்சுக்கினே உள்ள வருவீங்க. மனுஷன் சிரிச்சு எவ்ளோ நாளாச்சுன்னு அம்மா சொல்லும். காலீல செத்து மெதந்துகினு கீறத அப்பிடியே வுட்டுட்டுப் போக மனசு வரல.”

“தண்ணி சரியில்லன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டாம் நாளே சொன்னேனே சார். மீனு மேல வந்து வந்து வாயைத் தொறக்குதுன்னு. உனக்கு இன்னா தெரியும், போயி பாத்திரத்தைத் தேய்யின்னீங்க.”

சொன்னது ஞாபகம் வந்தது. நரசிம்மனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சரி, ஞாயித்துக்கிழமையாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி உன்னைத் திருடின்னு சொன்னேனே. ஒரு வார்த்தை... ஏன் பேசாம போனே?”

பார்வதம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என்னைத் திருடின்னா நாலு நாள் பேசுவாங்க, அப்பால மறந்துடுவாங்க. உங்களுக்குத் தண்ணியே தெரியலன்னு உங்க பெரிய ஆபீசரு எதிர்ல நான் எப்டி சார் சொல்றது?”