வியாழக்கிழமை மேசை

விலகல் கடிதத்தோடு ஒரு பெட்டி சாக்லேட்டும் கொண்டுபோயிருந்தேன்.

எங்கள் ஊரான ரூசேயில் யாருக்கு நல்லது நடந்தாலும், அவன்தான் மற்றவர்களுக்கு இனிப்பு நீட்ட வேண்டும். வேலையை விடுவது நல்லதில் சேருமா என்று கடையிலேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். சேரும் என்று முடிவு செய்த பிறகுதான் பெரிய பெட்டியாக வாங்கினேன்.

தரை ஓடுகள் விற்கும் எங்கள் கிடங்கின் முன்மேசையில் க்ரெமெனா அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“என்னடா விசேஷம்? பொண்ணு ஒத்துக்கிச்சா?”

“வேலைய விடறேன்க்கா. இனிமே சீட்டாட்டம்தான்.”

“அப்ப நான் ரெண்டா எடுத்துக்கறேன். அடுத்த தடவ வாங்கித் தர்ற நெலமைல நீ இருக்க மாட்ட.”

சிரித்தேன். யாராவது இப்படிச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன்.

போக்கர் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நல்ல ஆட்டத்தின் சூட்டில் வேலையை உதறுகிறார்கள். நான் அப்படி இல்லை. ஒரு வருடம் முழுக்க, சீட்டில் வருவது சம்பளத்தை மிஞ்ச வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன்.

மிஞ்சியது.

அப்போதும் நம்பிக்கை வரவில்லை. நான் மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறேன். அங்கே புள்ளியியல் நடத்தும் ஆசிரியையிடம் கேட்டேன், இது திறமையா அதிர்ஷ்டமா என்று. வெறும் அதிர்ஷ்டம் ஒரு வருடமெல்லாம் ஒரே ஆள் பக்கம் நிற்காது என்றார்.

எனக்கிருந்த சந்தேகம் அதிர்ஷ்டத்தின் மேல் மட்டும்தான். அது தீர்ந்துவிட்டது.

ஸ்டாமென் உள்ளறையில் இருந்தார். கிடங்கின் முதலாளி. வியாழக்கிழமை மாலைகளில் அதே அறையில், அதே மேசையில், சீட்டோடு என் எதிரே உட்காருபவரும் அவர்தான். ஓட்டுநர்கள் இரண்டு பேரும் ஆடுவார்கள். ஆனால் தோற்கும் அளவுக்கு அவர்களிடம் எதுவும் இருக்காது. என் வருமானம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் ஏறக்குறைய இவர் தோற்றதுதான்.

கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“‘தொழில்முறை போக்கர் ஆட்டத்தின் பொருட்டு.’ இந்த ஊர்ல இப்படி எழுதின மொத ஆள் நீதான்.”

“தப்பா நெனச்சுக்காதீங்க, அண்ணே.”

“நான் எதுக்கு நெனைக்கறேன்?” பேனாவை எடுத்தார். “யார்கூட ஆடுவ?”

“புக்கரெஸ்ட்ல. எல்லைப் பாலத்தத் தாண்டினா பக்கம்தான. அங்க பெரிய பெரிய மேசையெல்லாம் இருக்கு.”

“போய் ஆடிருக்கியா?”

“இல்ல. ஆனா நவம்பர்ல நம்ம ஆட்டம் ஒண்ணு, நெனப்பிருக்கா? இருந்த பணம் எல்லாத்தயும் நடுவுல தள்ளினேனே. அன்னிக்கு என் கைல ஒண்ணுமே இல்லண்ணே. சும்மா மெரட்டினேன். நீங்க பயந்து சீட்டக் கவுத்து ஆட்டத்த விட்டுட்டீங்க. அதுக்கப்புறம்தான் எனக்கே தைரியம் வந்துச்சு.”

மேசையில் இருக்கும்வரை எவனும் இதை எதிராளியிடம் சொல்ல மாட்டான். கிளம்பும் நேரம்தானே என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டாமென் பேனாவைக் கீழே வைத்தார். விரிசல் விட்ட ஓடு ஒன்றைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு எங்கிட்ட மூணு ராஜா இருந்துச்சு, யாவொர். தெரிஞ்சேதான் கவுத்தேன்.”

வெளியே க்ரெமெனா அக்கா இன்னொரு சாக்லேட்டின் தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“போன வருஷம் சம்பளம் ஏத்திக் கேட்டல்ல? மேல்பணத்த எல்லாருக்கும் குடுக்கற மாதிரி கணக்குல காட்டாம உறையில போட்டுத் தரேன்னேன். நீதான், நான் கணக்கு படிக்கறவன், உறையெல்லாம் வாங்க மாட்டேன், முறைப்படி ஏத்துங்கன்னு நின்ன. முறைப்படி ஏத்தினா வரி, காப்பீடு எல்லாம் என் தலைல. விட்டா நீ வேற எடம் போயிடுவ. சரி, ரோஷக்காரப் பய, அவனுக்குத் தெரியாமக் குடுப்போம்னு பாத்தேன். வியாழக்கிழமை ஆட்டத்த எப்ப ஆரம்பிச்சேன்னு யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். நான் உறையை மறுத்ததற்கு அடுத்த வாரம்.

மறுத்த அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சம்பளத்தை மிஞ்சுகிறதா என்று ஒரு வருடமாக நான் சரிபார்த்துக்கொண்டிருந்தது சம்பளத்தின் மிச்சத்தையா?

“பொய் சொல்றீங்க” என்றேன்.

“மொகத்தப் பாத்துச் சொல்லு. அதுதான உன் தொழிலு.”

பார்த்தேன். ஒரு வருடமாக எதிரே வைத்துப் பார்த்த முகம். ஒன்றும் தெரியவில்லை.

கடிதம் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. நான் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தால் அவர் ஒரு வார்த்தையும் கேட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. வழக்கம்போல் லாரியில் ஏற்ற வேண்டியதை எண்ணப் போயிருக்கலாம்.

ஆனால் எடுத்தால், அவர் சொன்னது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

“கையெழுத்துப் போடுங்க, அண்ணே.”

கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் கடிதத்தின் மேல் ஓரத்தில் சம்மதம் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். முத்திரையில் ஊதி ஈரமாக்கி அழுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்போல் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“வியாழக்கிழமை வந்துடு. இப்ப நீ என் ஆளு இல்லல்ல? இனிமே நானும் ஒழுங்கா ஆடலாம்.”