நடுவில் நின்ற முட்டை

சோதனைக்கென்று ஜெசிந்தா டீச்சர் சத்துணவுக்கூடத்தில் பத்திரமாக வைத்திருந்த பச்சை முட்டையை, மற்ற முட்டைகளோடு சேர்த்து அவித்துவிட்டார் சமையல்காரர் செங்கமலம். "முட்டையப் பாத்ததும் கை தானா அண்டாவுல போட்டுருச்சு டீச்சர்" என்று அவித்த முட்டையும் கையுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஏழாம் வகுப்பு மொத்தமும் கண்ணாடி ஜாடியைச் சுற்றி மொய்த்திருந்தது. கீழ்ப்பாதியில் உப்பு கரைத்த கனத்த நீர். அதன்மேல் கலங்காமல் கரண்டி வழியாக இறக்கிய நல்ல தண்ணீர். அவித்த முட்டை என்ன செய்யும் என்று டீச்சருக்கே தெரியாது. தெரியாததாலேயே சிரிப்பு வந்தது. "போட்டுத்தான் பாப்போமே!" முட்டை விறுவிறுவென்று இறங்கியது, பாதியில் திகைத்தது, அங்கேயே நின்றுவிட்டது. "நிக்குது டீச்சர்! நிக்குது!" சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை. வெளியே மற்ற வகுப்புகள் தட்டைத் தட்டத் தொடங்கின. சோறு போட வேண்டிய செங்கமலம் ஜாடிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். தினமும் இருநூறு முட்டை அவிக்கிறவர். "சத்தம் போடாதீங்க புள்ளைங்களா" என்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "விழுந்துரப்போவுது."